கரைக்கு அந்தப் பக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலையேறி, இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். என் அம்மாவும் கல்யாணமான புதிதில் அந்த ஜீப்பில் போனவர்தான். பிறகு எங்களுக்கென்று கொஞ்சம் திராட்சைப் பந்தல் அமைந்தது. மலைக்குப் போவது நின்றது, பந்தலுக்கடியில் நிற்பது தொடங்கியது. கவாத்து, கொடி கட்டுவது, கொத்து பறிப்பது என்று கழுத்தை அண்ணாந்தபடியே அவருடைய வயது கழிந்தது. மருந்து அடிக்கும் நாட்களில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஹோஸ் பிடித்ததும் அவர்தான்.

முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று மதுரையில் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு அம்மா சம்மதிக்கவில்லை. குமரகம் பக்கத்தில் வேம்பநாட்டுக் காயலுக்குள் ஒரு குடும்பம் விஷம் தெளிக்காமல் தோட்டம் செய்கிறது, வீட்டு மருமகள் ஆயுர்வேத டாக்டர், ஆடி மாதத்தில் சிகிச்சைக்கு ஆட்களைத் தங்கவைக்கிறார்கள் என்று கோட்டயத்து மிளகு வியாபாரி ஒருவர் சொன்னார். நான் விவசாயத்தைப் பற்றி எழுதுகிறவன். அம்மாவின் முழங்காலோடு எனக்கென்று ஒரு கேள்வியும் இருந்தது. சுற்றிலும் எல்லாரும் மருந்தடிக்கும் ஊரில் ஒரே ஒரு குடும்பம் அடிக்காமல் இருந்தால் என்ன ஆகும்?

லோயர் கேம்ப்பைத் தாண்டி மலையேறும்போது நீர்மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் சாலையோரம் தெரியும். உள்ளே வருவது பெரியாற்றுத் தண்ணீர். மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றை அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை 1895இல் முடிந்தது. எங்கள் ஊரில் இன்றும் வீட்டுக்கு வீடு, அந்த அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் இருப்பதற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். அணைக்குக் கீழே மேற்கே போகும் பெரியாறு வழியில் பல ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு ஆலுவா தாண்டி, கொச்சிப் பக்கத்தில் காயலோடு கலக்கிறது. நாங்கள் போய்க்கொண்டிருந்ததும் அதே காயலின் தென்பகுதிக்குத்தான். குமுளியிலிருந்து கோட்டயம் போகும் சாலையில் வண்டிப்பெரியாறு, பீருமேடு வரை தேயிலை. குட்டிக்கானத்துக்குக் கீழே வளஞ்ஞாங்கானம் அருவி சாலையை நனைத்துக்கொண்டு விழுந்தது. முண்டக்கயத்தில் ரப்பர் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஆடி என்றால் காற்று. மலையின் இந்தப் பக்கம் அதே மாதம் கர்க்கிடகம், விடாத மழை.

குமரகத்திலிருந்து ஒரு நாட்டுப்படகு எங்களைக் கூட்டிப்போனது. தோட்டம் என்று சொன்னதைக் கரையிலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு நடுவே நீளமாக ஒரு தென்னை வரிசை, அவ்வளவுதான். நெருங்கியபோதுதான் கரை தெரிந்தது. கரைக்கு வெளியே காயல், உள்ளே அதைவிடத் தாழ்வாக நிலம். இந்தக் காயலோரத்துக் குட்டநாட்டின் வயல்கள் பலவும் கடல்மட்டத்துக்குக் கீழேதான் கிடக்கின்றன, சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் கீழே. தண்ணீரில் மிதக்கவிட்ட சாப்பாட்டுத் தட்டு போல, விளிம்பு இருக்கும்வரைதான் உள்ளே இருப்பது நிலம். கடல்மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த விவசாய முறையை 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

அந்த வீட்டார் தங்கள் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். வீட்டின் மூத்தவரை எல்லாரும் அம்மச்சி என்று கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எண்பதை நெருங்கும் வயது. வெள்ளைச் சட்டையும் முண்டும், காதின் மேல்மடலில் கனத்த வளையமும். படகிலிருந்து இறங்கத் தடுமாறிய அம்மாவின் கையைப் பிடித்தவர், "பதுக்கே வா மோளே, ஓடிப்போக இங்கே எடமில்லே" என்றார். அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. மகளே என்று அவரைக் கூப்பிட்டு ஆள் இருந்து எத்தனையோ காலமாகிறது. அந்த ஒரு சொல்லுக்கே முகம் மாறிப்போனது.

மகனைச் சேட்டன் என்றும், டாக்டரான மருமகளைச் சேச்சி என்றும் அழைத்தோம். வீட்டின் பின்கட்டில் ஓடு வேய்ந்த சிகிச்சை அறைகள், ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணி, எண்ணெய் காய்ச்சும் உருளிகள். தங்குவதற்குக் காயலைப் பார்த்த சில அறைகள். நீச்சல்குளம், கண்ணாடிச் சுவர், பிளாஸ்டிக் பூக்கள் எதுவும் இல்லை. குமரகத்தில் அவையெல்லாம் உள்ள இடங்கள் நிறைய இருக்கின்றன.

சேச்சி முதல் நாளே அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "தேஞ்ச எலும்புசவ்வு வளராது அம்மா. வளரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சுத்தியிருக்கிற தசைக்குப் பலம் கொடுக்கலாம், வீக்கத்தைக் குறைக்கலாம், வலியோட நடக்கிற தூரத்தைக் கூட்டலாம். அவ்வளவுதான் என்னால முடியும்." சிகிச்சை என்று கடை விரித்தவர்கள் இப்படிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அம்மாவின் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தக்கூடாது என்று தனியாகத் தாளில் எழுதியும் கொடுத்தார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்தத் தாளைப் பார்த்துத்தான்.

கேரளத்து வைத்தியர்கள் பெரிதும் சார்ந்திருப்பது வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தை. பருவத்துக்குப் பருவம் உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு அத்தியாயமே உண்டு. மழைக்காலத்தில் செரிமானம் மந்தப்படும், வாதம் ஏறும், ஆகவே எளிய உணவும் எண்ணெயும் ஓய்வும் வேண்டும் என்பது அந்த மரபு. வயல் வேலை இல்லாத மாதம் என்பதும் கணக்கில் உண்டு என்று அம்மச்சி சொன்னார். உழைக்கிறவர்களுக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளக் கிடைக்கும் ஒரே இடைவெளி அது. இந்த வீட்டில் தோட்டத்து ஆட்களுக்கும் கர்க்கிடகத்தில் மருந்துக் கஞ்சி உண்டு. அம்மச்சியின் மாமியார் காலத்துப் பழக்கம், விருந்தினர்கள் வரத் தொடங்கிய பிறகும் நிற்கவில்லை.

கஞ்சிக்கு ஞவரை அரிசி. அறுபது நாளில் விளையும் பழைய நெல். அதனுடன் வெந்தயம், சீரகம், ஆளி விதை, தேங்காய்ப்பால். பலாயிலையை மடக்கி ஈர்க்குச்சி குத்திக் கரண்டியாக்கிக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்ளப் பத்திலைத் தோரன். பூசணி இலை, சேம்பு, சேனை, தகரை, மூக்கிரட்டை, பயறு இலை என்று பத்து வகையையும் அம்மச்சி காலையில் கரையோரமாக நடந்தே பறித்துவிடுவார். அம்மா கூடவே போய், மூக்கிரட்டையைப் பார்த்ததும் நின்றார். எங்கள் பந்தலுக்கடியில் களை என்று பிடுங்கிப் போடுவது அது. "முருங்கை எங்கே?" என்று அம்மா கேட்க, அம்மச்சி பதறிவிட்டார். கர்க்கிடகத்தில் முருங்கையிலையைத் தொடக்கூடாதாம், அந்த மாதம் அதில் விஷம் ஏறுமாம். எங்களுக்கோ ஆடிக்கூழென்றால் முருங்கைக்கீரை இல்லாமல் இறங்காது. ஒரே மாதம், நடுவில் ஒரு மலை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த நாளும் அந்த விவாதம் தொடர்ந்தது.

அம்மாவுக்கு ஞவரைக்கிழி பிடித்தவர் பக்கத்துக் கரையிலிருந்து படகில் வரும் ஒரு பெண். குறுந்தொட்டி வேர்க் கஷாயமும் பாலும் சேர்த்து அரிசியைக் குழைய வேகவைத்து, துணியில் முடிந்து, சூடு ஆறஆறத் தோய்த்து மூட்டில் ஒத்தி இழுப்பார். வேலை முடிந்து திண்ணையில் சாயா குடிக்கும்போது அவருடன் பேசிக்கொண்டிருப்பேன். இந்தக் கரை எப்படி உண்டானது என்று எனக்கு விளங்கச் சொன்னவர் அவர்தான். தென்னங்குற்றிகளை இரண்டு வரிசையாகக் காயலில் அடித்திறக்கி, நடுவே மணலும் தழையும் நிரப்பி, காயலின் அடியில் மூழ்கிக் களிமண்ணைக் கட்டைகட்டையாக வெட்டியெடுத்து மேலே அடுக்கினார்களாம். கரை நின்றதும் உள்ளே இருக்கும் தண்ணீரை இறைக்க மரச் சக்கரம். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து இரவும் பகலும் காலால் மிதிப்பார்கள். "என் அப்பூப்பன் மிதிச்சவர். அவருக்குச் சாகிறவரைக்கும் முட்டுவலி" என்று தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னார் அந்தப் பெண், அம்மாவின் முழங்காலைக் காட்டி.

மூழ்கி மண் வெட்டியவர்களும் சக்கரம் மிதித்தவர்களும் பெரும்பாலும் புலையர், பறையர் சாதி மக்கள். உடைந்த கரை நிற்பதற்காக ஆட்களைச் சேர்த்துப் புதைத்தார்கள் என்ற கதை அந்தச் சனங்களின் வாய்மொழியில் இன்றும் இருக்கிறது. யுத்தகாலப் பஞ்சத்தின்போது, 1940களில், முரிக்கன் என்ற நிலக்கிழார் காயலுக்குள் வெகுதூரம் போய்ச் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெயர்களில் பெரிய காயல் நிலங்களை எழுப்பினார். நிலங்களுக்குப் பெயர் மிஞ்சியிருக்கிறது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ஓய்வெடுக்க வருகிறவர்கள் சாய்வு நாற்காலி போட்டுக் காயலைப் பார்க்கும் இந்தக் கரை அவர்கள் உடம்பால் ஆனது. அங்கே இருந்த நாட்கள் முழுவதும் இதை மறந்துவிட்டு என்னால் உட்கார முடியவில்லை.

சேட்டனோடு தோட்டத்தைச் சுற்றிவர ஒரு காலைப்பொழுது வேண்டும். மேட்டுக்கு மேடு இடையில் வாய்க்கால், ஒவ்வொரு மேட்டிலும் தென்னை, தென்னைக்கிடையே ஜாதிக்காய், கோக்கோ, வாழை, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. உரம் என்று வெளியிலிருந்து வாங்குவது மிகக் குறைவு. வருடா வருடம் கோடையில் வாய்க்காலின் அடிச்சேற்றை வாரித் தென்னந்தூரில் போடுவார்கள். மலையிலிருந்து மீனச்சில் ஆறும் பம்பையும் மணிமலையும் அச்சன்கோவிலும் கொண்டுவந்து இறக்கும் வண்டல் அது. சாணம், கோமியம், உதிர்ந்த இலை, வாத்து எச்சம் எல்லாம் அதோடு சேர்கின்றன. மழைக்காலம் ஜாதிக்காய் வெடிக்கும் காலம். செக்கச்செவேலென்ற பத்திரியை உரித்து, வெயில் இல்லாததால் சமையலறையில் அடுப்புக்கு மேலே தட்டி கட்டி உலர்த்தியிருந்தார்கள். வீடு முழுக்க அந்த வாசனை. வாத்துகள் சாரை, செம்பல்லி என்ற குட்டநாட்டு இனங்கள்.

தொழுவத்தில் நின்ற மாடுகளைப் பார்த்து, கன்றுகள் என்று நினைத்தேன். எல்லாம் கறவை மாடுகள். குமரகத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் வெச்சூர் கிராமத்து இனம். தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம்கூடத் தேறாது. கலப்பினம் பரவவேண்டும் என்று நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சட்டமே இருந்த மாநிலத்தில் இந்த மாடு ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. 1989 வாக்கில் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப் மாணவர்களோடு வீடு வீடாக அலைந்து எஞ்சியவற்றைத் தேடிப் பிடித்துப் பெருக்கினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும், ஆனால் தீனியும் கொஞ்சம்தான். சேச்சியின் மருந்து நெய்யெல்லாம் இந்தப் பாலிலிருந்து வருகிறது.

தோட்டத்தின் மேற்கு மூலையில் ஒரு தென்னையைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். ஓலைகள் மஞ்சளடித்து, கீற்றுகள் துவண்டு, விலா எலும்புபோல உள்வளைந்து கிடந்தன. எங்கள் பள்ளத்தாக்கிலும் சில வருடங்களாக இதே கோலத்தில் மரங்களைப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் கேரளா வாடல் நோய் என்கிறார்கள். "இங்கே காற்றுவீழ்ச்சி" என்றார் சேட்டன். 1882இல் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டையில் முதன்முதலாகக் கண்ட நோய் இது, கோட்டயத்திலிருந்து அதிக தூரமில்லை. நூற்று நாற்பது வருடமாகியும் மருந்து இல்லை. மரத்தின் சாற்றுக்குழாய்க்குள் வாழும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்தான் காரணம், ஒரு வகைக் கண்ணாடிச் சிறகுப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன என்பது பிற்பாடுதான் தெரிந்தது. காயங்குளத்தில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. நோயைத் தாங்கும் கல்பரட்சா, கல்பஸ்ரீ போன்ற குட்டை ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

பொள்ளாச்சியிலும் தேனியிலும் நோய் கண்ட மரங்களை வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். மிகவும் முற்றியவற்றை வெட்டிவிட்டு அந்த இடத்தில் புதிய ரகம் வைத்திருக்கிறோம், மற்றவற்றுக்குச் சேறும் எருவும் பச்சிலையும் குறையாமல் போடுகிறோம் என்றார். இந்த நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. வருடக்கணக்கில் நலிய வைக்கும். வேருக்குப் போஷாக்கு இருந்தால் மரம் நோயோடேயே காய்க்கும். "இந்த மரத்துக்கு எனக்கு நினைவு தெரிஞ்ச நாளிலிருந்தே தீனம். அப்பச்சன் காலத்துல நூறு காய், இப்ப நாப்பது. ஆனா நாப்பது இருக்கே." முதல் நாள் சேச்சி அம்மாவிடம் சொன்னதும் இதேதான். கணவனும் மனைவியும் பேசிவைத்துக்கொண்டு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. குணமாகாத ஒன்றோடு பல வருடம் வேலைசெய்தவர்களுக்கு இயல்பாக வந்துவிடும் பேச்சு அது.

மருந்தடிப்பதை இந்தக் குடும்பம் ஏன் நிறுத்தியது என்ற கதையை அம்மச்சி சொன்னார். அவருடைய கணவர், காலமாகிவிட்ட அப்பச்சன், ஊரில் முதன்முதலாக விசைத்தெளிப்பான் வாங்கியவர்களில் ஒருவர். 1991 மழைக்காலத்தில் காயல் மீன்களுக்கெல்லாம் புண் வந்தது. வராலும் கரிமீனும் உடம்பெல்லாம் சிவந்த குழிகளோடு கரையொதுங்கின. மீனை யாரும் வாங்கவில்லை, வீட்டிலும் சமைக்கவில்லை. வயலில் அடித்த விஷம்தான் காரணம் என்று ஊரே பேசியது. அப்பச்சன் தெளிப்பானைக் கழற்றி மச்சில் போட்டார், பிறகு இறக்கவேயில்லை. அந்தப் புண்ணுக்குக் காரணம் நீரில் வாழும், பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் என்று விஞ்ஞானிகள் பின்னர் கண்டுபிடித்தார்கள். ஆசியாவின் பல நாடுகளில் பரவிய நோய் அது. "பிறகு எடுத்தாரா அம்மச்சி?" என்று கேட்டேன். "மகன் பேப்பரை வாசிச்சுக் காட்டினான். அப்பச்சன் கேட்டுட்டுச் சொன்னார், மீனுக்கு வந்தது அதனால இல்லேன்னா சரி. எனக்கு வர்ற தலைசுத்தல் அதனாலதானே."

நானும் அந்தத் தலைச்சுற்றலைப் பார்த்து வளர்ந்தவன். மருந்தடித்த இரவுகளில் அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவார். எண்டோசல்பான் நாடு முழுக்கத் தடை செய்யப்பட்டது 2011இல், உச்ச நீதிமன்ற உத்தரவால். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தெளித்த மருந்துக்குக் கீழே பிறந்த குழந்தைகளின் படங்களை நாடே பார்த்த பிறகு. அதற்கு முன் எங்கள் கடைவீதியில் அது சாதாரணமாகக் கிடைத்த சரக்கு.

நான் கொண்டுபோன கேள்விக்கு வருகிறேன். இந்தத் தோட்டம் நல்ல விளைச்சல் கொடுக்கிறது, கடன் இல்லை, பிள்ளைகள் இங்கேயே இருக்க விரும்புகிறார்கள். ஆனால் இயற்கை விளைபொருள் என்ற அரசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது சிக்கல் வந்ததாம். நிரந்தரப் பயிர்களுக்கு மூன்று வருட மாற்றுக்காலம் உண்டு, அதைப்பற்றி இவர்களுக்குக் கவலையில்லை. பக்கத்து நிலத்திலிருந்து ரசாயனம் வராதபடி இடைவெளிப் பட்டை எங்கே என்று கேட்டபோதுதான் சேட்டனுக்குப் பதில் இல்லை. வேலி போடலாம், மரம் வைக்கலாம். ஆனால் இங்கே எல்லை என்பது தண்ணீர். கரைக்கு வெளியே இருக்கும் காயல்தான் மதகு வழியே உள்ளே வாய்க்காலாகிறது. மேற்கே, ஒரே கரைக்குள் கிடக்கும் வயல் தொகுதியான பாடசேகரத்தில் புகையான் பூச்சிக்கு மருந்தடித்துவிட்டு, மறுநாள் பம்பு போட்டு வயல் நீரை வெளியே தள்ளினால், காயல் வழியே அது இவர்கள் மதகுக்கு வந்துவிடும். பூச்சிக்கும் எல்லை கிடையாது, தென்னையின் நோய் மலையையே தாண்டி எங்களிடம் வந்துவிட்டதே.

காயலே மூச்சு முட்டிக் கிடக்கிறது. கோடையில் உப்புநீர் ஏறி நெல்லைக் கெடுக்காமலிருக்க, தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணை 1976இல் செயல்பாட்டுக்கு வந்தது. டிசம்பரில் மதகுகளை அடைத்தால் சில மாதங்களுக்குக் கடலும் காயலும் தனித்தனி. புஞ்ச என்று இங்கே சொல்லும் முக்கியப் போகத்து நெல் பிழைத்தது. ஆனால் உப்பேறும்போது செத்து ஒதுங்கிய ஆகாயத்தாமரை இப்போது சாவதில்லை. கடலிலிருந்து உள்ளே வந்து வளர்ந்த இறாலுக்கும் மீனுக்கும் வழி அடைபட்டது. வயலிலிருந்தும் ஊர்களிலிருந்தும் படகு வீடுகளிலிருந்தும் வரும் கழிவு போக்கிடமின்றித் தேங்குகிறது. மதகு எப்போது திறக்கும் என்று மீனவர்களுக்கும் நெல் விவசாயிகளுக்கும் வருடந்தோறும் தகராறு. ராம்சர் ஈரநிலம் என்ற சர்வதேசத் தகுதி 2002இல் கிடைத்தது. மங்கொம்பைப் பூர்வீகமாகக் கொண்ட எம்.எஸ். சுவாமிநாதனின் அறக்கட்டளை 2007இல் குட்டநாட்டை மீட்க விரிவான திட்டம் ஒன்றையும் கொடுத்தது. காயலின் நிறம் மட்டும் மாறவில்லை என்றார் சேட்டன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கரைகள் உடைந்து எல்லாரும் ஒரே தண்ணீரில் நின்றபோது, யாருடைய தோட்டம் இயற்கைத் தோட்டம், யாருடையது இல்லை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டதாம்.

நலம் தேடி இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அது நல்லதுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் விற்கப்படுவது ஒரு வேலி. வெளியே இருக்கும் சத்தம், புகை, விஷம் எதுவும் இங்கே வராது என்ற வாக்குறுதி. அந்த வாக்குறுதியை இந்தக் குடும்பம் கொடுக்கவில்லை. தங்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று விருந்தினர்களிடம் அவர்களே சொல்லிவிடுகிறார்கள், குடிக்கத் தொட்டிகளில் பிடித்த மழைநீர். முப்பது வருடமாக விஷம் தெளிக்காத நிலத்தின் வாய்க்காலைக் குடிக்க முடியாது என்று சொல்லவேண்டி வருவது அம்மச்சிக்குப் பெரிய துக்கம். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடுகிறது. எனக்கு இது அந்த வீட்டின் குறையாகப் படவில்லை. கரையோடு வேலை முடிவதில்லை என்று தெரிந்துவைத்திருப்பவர்களிடம்தான் இந்த நேர்மை இருக்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பாடசேகர சமிதியின் கூட்டம் அந்த வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது. சமிதியின் ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்ததால் இங்கே மாற்றியிருந்தார்கள். மழைக்காலத்தில் வயல்கள் வேண்டுமென்றே முழுக விடப்பட்டுக் கிடக்கும், அது மண்ணுக்கு ஓய்வு. மழை குறைந்ததும் பெட்டியும் பறையும் என்ற பழைய பம்பைப் போட்டுத் தண்ணீரை இறைத்து, அக்டோபர், நவம்பரில் உமா ரக நெல்லை விதைப்பார்கள். ஒரே கரைக்குள் கிடக்கும் வயல்களை எல்லாரும் சேர்ந்துதான் இறைக்கவேண்டும், ஒருத்தர் வயலை மட்டும் காயவைக்க வழியில்லை. ஆகவே எதையும் கூட்டம் போட்டுத்தான் முடிவுசெய்வார்கள். குட்டநாட்டில் நான் மிகவும் மதித்த விஷயம் இதுதான். எங்கள் பள்ளத்தாக்கில் ஒவ்வொருவர் பந்தலும் ஒரு தனி ராஜ்ஜியம்.

சேட்டன் எழுந்து ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். யாரையும் மருந்தடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அடித்த பிறகு சில நாளைக்குப் பம்பு ஓட்டாமல் தண்ணீரை வயலிலேயே நிறுத்திவையுங்கள், விஷத்தின் வீரியம் கொஞ்சமாவது குறைந்த பிறகு வெளியே விடுங்கள் என்றார். பலத்த எதிர்ப்பு. திடீரென்று மழை பெய்தால் பயிர் மூழ்கிவிடும், நஷ்டத்தை யார் கொடுப்பது? மீன்பிடிக்கும் வீட்டைச் சேர்ந்த ஓர் இளைஞன், தன் தங்கைக்குக் காயலில் குளித்தால் தோல் வெடிக்கிறது என்று சொன்னான். கொஞ்ச நேரம் யாரும் பதில் பேசவில்லை.

வயதான விவசாயி ஒருவர் என் பக்கம் திரும்பினார். "கம்பத்துக்காரர்தானே. உங்க முந்திரிங்ஙாயை, அந்தத் திராட்சையை, நாங்க இங்கே வாங்கித் தின்கிறோம். அதுக்கு அடிக்கிறதை நிறுத்திட்டீங்களா?"

நிறுத்தவில்லை என்றேன். சிலர் குறைத்திருக்கிறார்கள், ஒருசிலர் இயற்கை முறைக்கு மாறியிருக்கிறார்கள், ஆனால் கொத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் வியாபாரி விலையைக் குறைக்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா பேசினார். எல்லையோரம் வாழ்ந்த பழக்கத்தில் அவருடைய மலையாளம் என்னுடையதைவிடத் தேவலை. "பக்கத்துத் தோட்டத்துக்காரன் அடிக்கிறான், நாம மட்டும் அடிக்காம இருந்து என்ன ஆகப்போகுதுன்னு எங்க ஊருல எல்லாருமே சொல்லுவோம். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரனும் எங்களைப் பத்தி அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான். நாங்க ஒருநாளும் உக்காந்து பேசினதில்ல."

பேச்சு அதற்குப் பிறகும் நெடுநேரம் நடந்தது. வரும் புஞ்சப் போகத்தில் மட்டும், மழை அறிவிப்பு இல்லாத நாட்களில் மட்டும், மருந்தடித்தபின் மூன்று நாள் பம்பு ஓட்டுவதில்லை என்று செயலாளர் நோட்டில் எழுதினார். கையெழுத்துப் போட்டவர்கள் வந்திருந்தவர்களில் பாதிப் பேர். மீதிப் பேரிடம் மழை விட்டதும் படகு எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போவதாகச் சேட்டனும் அந்த இளைஞனும் சொன்னார்கள்.